இஸ்னிக்: ஏரிக்கரையில் ஒரு ஸ்டேண்ட்பை தலைநகரம்

"பைபிளில் எந்தப் புத்தகம் இருக்கணும், எதைத் தூக்கணும்னு பாதிரியார்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்த இடம்." இப்படி ஒரு ஃபார்வர்டு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வாட்ஸாப்பில் எனக்கு வந்துவிடும். அந்த இடத்தின் பெயர் நிக்கேயா. நம்மூர் சபைகளில் நிசேயா என்பார்கள். 'நிசேயா விசுவாசப் பிரமாணம்' சொல்லி வளர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே சிலர் இருப்பீர்கள். இன்றைக்கு அதன் பெயர் இஸ்னிக். வடமேற்குத் துருக்கியில், புர்சா மாகாணத்தில், ஒரு பெரிய ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர். முக்கியத் தொழில் ஆலிவ்.

ஃபார்வர்டில் இருப்பது தப்பு. 325இல் நடந்த அந்த மாநாடு 20 விதிகளை வெளியிட்டது. அதில் ஒன்றுகூட பைபிளின் புத்தகப் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. சுமார் 500 வருஷம் கழித்து எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில், எல்லாப் புத்தகங்களையும் பலிபீடத்தருகே வைத்துவிட்டு ஜெபித்தார்கள், போலியானவை மட்டும் கீழே கிடந்தன என்று ஒரு கதை வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் வால்டேர் அதைக் கிண்டலாக எடுத்து எழுதினார். 2003இல் 'டாவின்சி கோட்' வந்து பாக்கி வேலையை முடித்துவிட்டது. ஊருக்குப் போகிற வரைக்கும் என் ஆர்வமும் இந்த மாநாட்டைச் சுற்றித்தான் இருந்தது. போய்வந்தபின் வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்த ஊர் ஏன் திரும்பத் திரும்பத் தலைநகர் ஆச்சு? ஆன ஒவ்வொரு தடவையும் ஏன் அடங்கிப் போச்சு?

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். புர்சாவிலிருந்து மினி பஸ்ஸில் போனேன். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசிப் பகுதி முழுக்க ஏரிக்கரையோரம்தான், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆலிவ் தோப்பு. ஏரி கிழக்கு மேற்காக 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பரப்பு கிட்டத்தட்ட 300 சதுர கிலோமீட்டர். நான் போனது அறுவடைக் காலம். மரத்தடியில் வலையை விரித்துவிட்டு, குடும்பம் குடும்பமாக ஏணி வைத்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே விளைவது பெரும்பாலும் கெம்லிக் ரகம்: சின்னதாக, கறுப்பாக, தோல் மெலிசாக, எண்ணெய் நிறைய உள்ள காய். துருக்கியில் காலைச் சாப்பாட்டுத் தட்டில் இது இல்லாமல் பார்ப்பது கஷ்டம். மரத்திலிருந்து பறித்து அப்படியே வாயில் போட முடியாது, கசப்பு தாங்காது. காயையும் கல் உப்பையும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே பாரம் வைத்து, மாசக்கணக்கில் விடுவார்கள். நம்ம வீட்டு மாங்காய் ஜாடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊரைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு மதில். 3ஆம் நூற்றாண்டில் கோத்துகள் வந்து சூறையாடிய பிறகு ரோமானியர்கள் கட்ட ஆரம்பித்தது, பின்னால் வந்தவர்கள் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இன்றைய ஊர் இந்த மதிலுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, அப்படியும் மதிலுக்குள் காய்கறித் தோட்டத்துக்கும் மரங்களுக்கும் இடம் மிச்சம் இருக்கிறது. ரோமானியச் சட்டைக்குள் கொஞ்சம் இளைத்துப்போன உடம்பு. ஸ்ட்ராபோ 2000 வருஷத்துக்கு முன் எழுதினபோது, நடுவில் ஒரு கல்லின் மேல் நின்றால் நான்கு வாசலும் தெரியும் என்கிறார். அந்தக் கட்டமைப்பு இன்னமும் அப்படியேதான். இரண்டு பெரிய தெருக்கள், நடுவில் ஒரு சந்திப்பு. சந்திப்பில் ஆயா சோஃபியா இருக்கிறது (இஸ்தான்புல்லில் இருப்பது இல்லை, இது வேற). தேவாலயமாக இருந்து 1331இல் மசூதி ஆகி, 20ஆம் நூற்றாண்டில் பாழடைந்து, மியூசியமாகி, 2011இல் மறுபடி மசூதி ஆகியிருக்கிறது. கிழக்கு மேற்காகப் போகும் தெருவின் பெயர் கிலிச் அர்ஸ்லான் தெரு. அந்தப் பெயருக்குப் பின்னால் வருவோம்.

ஊரை நிறுவியவர் அலெக்ஸாண்டரின் தளபதிகளில் ஒருவரான ஆண்டிகோனஸ். தன் பெயரையே வைத்தார். அவரை வென்ற இன்னொரு தளபதி லிசிமாக்கஸ், தன் மனைவி நிக்கேயாவின் பெயரை வைத்தார். 'நிக்கேயாவுக்கு' என்ற கிரேக்க வேற்றுமை உருபோடு சேர்ந்த சொல்தான் துருக்கிய வாயில் 'இஸ்னிக்' ஆச்சு. வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இந்த ஊர்க்காரர். அயனச் சலனத்தைக் கண்டுபிடித்தவர் என்று பொதுவாக அவரைத்தான் சொல்கிறார்கள். நம்ம பஞ்சாங்கத்தில் வரும் அயனாம்சம் இதே சலனத்தின் கணக்குதான்.

என் தொழில்காரர்களுக்குப் பிடிக்கிற ஆள் இன்னொருத்தர்: இளைய பிளினி. கி.பி. 110 வாக்கில் இந்த மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார். நிக்கேயாவில் கட்டிக்கொண்டிருந்த தியேட்டரைப் பற்றி டிராஜன் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஒரு கோடி செஸ்டர்ஸுக்கு மேல் செலவாகிவிட்டது, வேலை முடியவில்லை, கட்டடம் உள்வாங்கி விரிசல் விடுகிறது, தொடர்வதா, இடித்துவிடுவதா என்று கேள்வி. தூணுக்கும் கூரைக்கும் காசு தருவதாகச் சொன்ன ஊர்ப் பெரிய மனிதர்கள் தியேட்டர் முடிந்தால்தான் தருவார்களாம். சக்கரவர்த்தியின் பதில் ஏறக்குறைய 'அங்கே இருக்கிற நீயே பார்த்து முடிவு பண்ணு' என்பதுதான். 1900 வருஷத்துக்கு முந்தைய ப்ராஜெக்ட் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். அந்தத் தியேட்டரின் இடிபாடு ஏரிப் பக்கம் இன்றும் இருக்கிறது. சாய்த்துக் கட்ட மலைச்சரிவு கிடையாது, அதனால் சமதரையில் கமான்களை எழுப்பி அதன்மேல் இருக்கை வைத்திருக்கிறார்கள்.

இப்போது 325. ஆரியஸ் என்ற அலெக்ஸாந்திரியா குரு, மகன் தந்தைக்குச் சமமானவர் இல்லை, படைக்கப்பட்டவர் என்று சொல்ல, கிழக்குச் சபைகள் இரண்டுபட்டு நின்றன. அப்போதுதான் எதிராளியைத் தோற்கடித்துவிட்டு முழு சாம்ராஜ்யத்தையும் கையில் எடுத்திருந்த கான்ஸ்டன்டைனுக்கு இது தலைவலி. மாநாடு முதலில் அங்காராவில் கூடுவதாக இருந்தது. அவர் அதை நிக்கேயாவுக்கு மாற்றினார். மாற்றிய கடிதம் சிரியாக் மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது. மூன்று காரணம் சொல்கிறார்: இத்தாலியிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் ஆயர்களுக்கு வசதி, நல்ல தட்பவெப்பம், நானும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இதில் மூன்றாவதுதான் நிஜக் காரணம் என்பது என் ஊகம். அவர் அரண்மனை நிக்கோமீடியாவில், அதாவது இன்றைய இஸ்மித்தில் இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் பயணம். கான்ஸ்டான்டினோபிள் அப்போதுதான் கட்ட ஆரம்பித்த ஊர், 330இல்தான் திறப்பு விழா. அது தயாராக இருந்திருந்தால் மாநாட்டை இங்கே வைத்திருப்பாரா?

வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. நேரில் இருந்தவர்களில் யூசிபியஸ் 250க்கு மேல் என்கிறார், அத்தனாசியஸ் சுமார் 300 என்கிறார். 5ஆம் நூற்றாண்டில் ஜெலாசியஸ் என்பவர் தரும் பட்டியலில் 'பாரசீகத்துக்கும் பேரிந்தியாவுக்குமான யோவான்' என்று ஒருத்தர் வருகிறார். கேரளக் கிறிஸ்தவ வரலாறு பேசுபவர்கள் இதை விடாமல் எடுத்துக்காட்டுவார்கள். 150 வருஷம் தள்ளி எழுதப்பட்ட ஒரே வரி, அந்தக் காலத்தில் 'இந்தியா' என்ற சொல் எத்தியோப்பியா வரைக்கும் நீளும். இதை வைத்து வீடு கட்ட எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்று, இன்று சபைகளில் சொல்லும் நிசேயா பிரமாணம் 325இன் வாசகம் அப்படியே இல்லை. 381இல் கான்ஸ்டான்டினோபிளில் நடந்த அடுத்த மாநாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் விரிவான வடிவம்.

அடுத்த தடவையைப் பாருங்கள். திருவுருவங்களை வணங்கலாமா, அழிக்கணுமா என்ற சண்டையில், மகாராணி ஐரீன் 786இல் கான்ஸ்டான்டினோபிளிலேயே மாநாட்டைக் கூட்டினார். உருவ எதிர்ப்புப் படைவீரர்கள் வாளோடு உள்ளே புகுந்து கலைத்துவிட்டார்கள். மறு வருஷம் மாநாடு எங்கே? நிக்கேயாவில். ஏழு அமர்வுகள் இங்கே அமைதியாக நடந்தன. எட்டாவது, கையெழுத்துப் போட்டு முடிக்கிற அமர்வு, தலைநகருக்குப் போயிடுச்சு. ப்ரைமரி சர்வர் கீழே விழுந்தால் வேலையை எடுத்துக்கொண்டு, அது எழுந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும் ஸ்டேண்ட்பை சர்வர் மாதிரி.

இந்தக் கோணத்தில் பார்த்தால் மற்றதெல்லாம் வரிசையாக விழுகிறது. 1070களின் கடைசியில் செல்ஜுக் துருக்கியர் சுலைமான் இந்த ஊரைப் பிடித்துத் தலைநகர் ஆக்கினார். கண் இருந்தது கான்ஸ்டான்டினோபிள் மேல்தான். 1204இல் நாலாவது சிலுவைப் படை கான்ஸ்டான்டினோபிளையே சூறையாடியபோது, தப்பிவந்த தியோடர் லஸ்காரிஸ் இங்கே ஒரு ராஜ்யத்தை அமைத்தார். 57 வருஷம் பைசாந்தியம் என்பது இந்த ஊர்தான். அவருக்கு அடுத்து வந்த வட்டாட்ஸஸ், அரண்மனைக் கோழிப் பண்ணையில் முட்டை விற்ற காசில் ராணிக்குக் கிரீடம் செய்து போட்டார் என்று ஒரு பதிவு உண்டு. சிக்கனமான அரசாங்கம். 1261இல் கான்ஸ்டான்டினோபிள் திரும்பக் கிடைத்தது, எல்லாரும் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். எழுபதே வருஷத்தில், 1331இல், ஒஸ்மானியர் ஒர்ஹான் கையில் ஊர் விழுந்தது.

1097க்குத் திரும்பணும், ஏன்னா அங்கேதான் ஏரி கதாநாயகன். முதல் சிலுவைப் படை மே மாதம் வந்து ஊரைச் சூழ்ந்தது. சுலைமானின் மகன் சுல்தான் கிலிச் அர்ஸ்லான், கிழக்கே மலாத்யாவில் வேறொரு சண்டையில் இருந்தார். முந்தின வருஷம் வந்த சிலுவைக்கூட்டம் ஒன்றை அவர் படை சுலபமாக நசுக்கியிருந்தது, அதனால் இதையும் லேசாக எடுத்துக்கொண்டார். குடும்பம், கஜானா எல்லாம் ஊருக்குள். திரும்பி ஓடிவந்து மோதிப் பார்த்தார், முடியவில்லை, விலகிவிட்டார். மூன்று பக்கமும் அடைத்தாச்சு. ஆனால் நாலாவது பக்கம் ஏரி. ராத்திரி படகில் சாப்பாடு வரும், ஆள் வரும். கரையில் எத்தனை ஆயிரம் பேர் நின்று என்ன பிரயோஜனம்?

பைசாந்தியச் சக்கரவர்த்தி அலெக்ஸியஸ் ஒரு காரியம் செய்தார். கெம்லிக் பக்கம் கடற்கரையிலிருந்து படகுகளை வண்டியில் ஏற்றி, தரைவழியாக இழுத்துவந்து, ஏரியில் இறக்கினார். (1453இல் மெஹ்மத் கப்பல்களை மலைமேல் ஏற்றிக் கொண்டுபோனதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு 356 வருஷம் முந்தி, எதிர்த்தரப்பு செய்தது இது.) ஒரு காலையில் மதில்மேல் நின்றவர்கள் பார்த்தால் ஏரி முழுக்கக் கொடியும் முரசும். இனி முடியாது என்று புரிந்துவிட்டது. ஆனால் சிலுவை வீரர்களிடம் சரணடைந்தால் கொலையும் கொள்ளையும் நிச்சயம் என்பதும் தெரியும். அதனால் ரகசியமாக அலெக்ஸியஸின் ஆளிடம் பேசி ஊரை ஒப்படைத்தார்கள். ஜூன் 19 காலை, கடைசித் தாக்குதலுக்குத் தயாராக நின்ற சிலுவைப் படை நிமிர்ந்து பார்த்தால் மதில்மேல் பைசாந்தியக் கொடி பறக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டவர்களையும் பத்துப் பத்துப் பேராகத்தான் விட்டார்கள் என்று அலெக்ஸியஸின் மகள் அன்னா எழுதுகிறார். ஒரு ஊர் எரியாமல் தப்பித்தது. மேற்கத்தியர்கள் இதைக் கடைசிவரை துரோகம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த குடும்பங்களைக் கேட்டிருந்தால் வேற பெயர் சொல்லியிருப்பார்கள். சுல்தானின் மனைவியைக்கூட அலெக்ஸியஸ் பின்னால் பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார். இன்று ஊரின் நடுத்தெருவுக்கு, ஊரைத் தோற்ற சுல்தான் பெயர். வென்ற சக்கரவர்த்தி பெயரில் ஒரு சந்துகூட என் கண்ணில் படவில்லை.

ஒஸ்மானியர் காலத்தில் இந்த ஊர் உலகுக்குத் தந்தது ஓடு. கூரை ஓடு இல்லை, சுவரில் பதிக்கும் வண்ண ஓடு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, குவார்ட்ஸ் பொடியை நிறையச் சேர்த்து வெள்ளைவெளேரென்று ஒரு உடம்பு, அதன்மேல் நீலம், பச்சை, அப்புறம் 1550களில் அந்தச் சிவப்பு. தக்காளிச் சிவப்பு என்பார்கள். இரும்புச்சத்துள்ள களிமண்ணைத் தடிமனாகப் பூசிச் சுடுவது. விரலால் தடவினால் மேடு தட்டும். இஸ்தான்புல்லில் சுலைமானியே மசூதியிலும் ருஸ்தம் பாஷா மசூதியிலும் பார்ப்பது இதுதான். 1616இல் முடிந்த நீல மசூதிக்கு 20,000க்கு மேல் ஓடுகள் பதித்தார்கள். ஆனால் விலையை வைத்தது அரண்மனை. விலைவாசி ஏறியது, ஓட்டின் விலை ஏறவில்லை. வெளியே விற்றால் நல்ல காசு, ஆனால் அரண்மனை வேலையை முதலில் முடி என்று உத்தரவு மேல் உத்தரவு. பிறகு அரண்மனையே கட்டுவதைக் குறைத்துவிட்டது. 1648இல் எவ்லியா செலெபி இங்கே வந்தபோது ஒன்பது பட்டறைகள்தான் மிச்சம் என்கிறார். ஒரே க்ளையன்ட்டை நம்பின கம்பெனியின் கதை. அந்தச் சிவப்பைச் சுடும் பக்குவமும் கைமாறாமல் போச்சு.

அதைவிட ஒரு கொடுமை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் க்ளூனி மியூசியம் 500க்கு மேல் இஸ்னிக் பாத்திரங்களை ரோட்ஸ் தீவிலிருந்து வாங்கியது. அதனால் அவற்றுக்கு 'ரோட்ஸ் பாண்டம்' என்று பெயர். நீலமும் பச்சையும் ஊதாவும் சேர்ந்த இன்னொரு வகைக்கு 'டமாஸ்கஸ் பாண்டம்'. செய்த ஊரின் பெயர் மட்டும் எதிலும் இல்லை. 1960களில் இங்கே அகழாய்வு செய்து சூளைகளையும் உடைந்த, வேகாத துண்டுகளையும் எடுத்தபின்தான் விவாதம் தீர்ந்தது. வீணாய்ப்போன துண்டுதான் நல்ல சாட்சி. உடைந்த சரக்கை யாரும் ஏற்றுமதி செய்ய மாட்டார்கள் இல்லையா?

இந்த ஊரில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இப்போது இல்லாத ஒன்று. தென்கிழக்கு மூலையில் மரியாளின் துயில் தேவாலயம் இருந்தது. அதன் பீட மாடத்து மொசைக்கில் தங்கப் பின்னணியில் மரியாள், கையில் குழந்தை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த புகைப்படங்களில் அந்தத் தங்கத்தில் தையல் மாதிரி கோடுகள் தெரிகின்றன. உருவத்தைச் சுற்றி ஒரு கோடு, அதற்குள் ஒரு பெரிய சிலுவையின் கைகள் இருந்த தடம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம் இது: முதலில் மரியாள் இருந்தார். உருவ எதிர்ப்பாளர்கள் அவரைப் பெயர்த்துவிட்டுச் சிலுவை வைத்தார்கள். சண்டை முடிந்து, உருவங்கள் திரும்பியபோது சிலுவையைப் பெயர்த்துவிட்டு மறுபடி மரியாள். திருப்பி வைத்தவர் நௌக்ராதியோஸ் என்று பெயர்கூடப் பொறித்திருந்தது. யார், எதை அழித்து, எதை எழுதினார்கள் என்று கிட் லாக் மாதிரி சுவரிலேயே பதிவு. உருவங்களுக்கு ஆதரவாக 787இல் முடிவெடுத்த அதே ஊரில்!

அந்தக் கட்டடம் கிரேக்க-துருக்கியப் போரில், 1922இல், அழிக்கப்பட்டது. ஊரும் அந்த வருஷங்களில் ரொம்பச் சேதப்பட்டது. பரம்பரையாக இருந்த கிரேக்கர்கள் போனார்கள். 1923 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்துக்குப் பின் திரும்ப வழியே இல்லை. இன்று அங்கே போனால் அடித்தளக் கற்களும் புல்லும்தான். இரண்டு தடவை மாற்றி எழுதின சுவரை மூன்றாம் தடவை மொத்தமாகவே டெலீட் செய்துவிட்டார்கள். பேக்கப் என்று மிஞ்சியது கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

2014இல் ஏரி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. வானிலிருந்து எடுத்த படங்களில், கரையிலிருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி, தண்ணீருக்கு இரண்டு மீட்டர் அடியில் ஒரு பசிலிக்காவின் தரைப்படம் அச்சடித்த மாதிரி தெரிந்தது. உலுதாக் பல்கலைக்கழகத்தின் முஸ்தஃபா ஷாஹின் 2006 முதல் அதே பகுதியில் கள ஆய்வு செய்துவந்தவர், அவருக்கே ஆச்சரியம். 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கட்டடம் என்றும், 740 நிலநடுக்கத்தில் இடிந்திருக்கலாம் என்றும் கருதுகிறார்கள். அதாவது மாநாட்டுக்குப் பிறகு கட்டியது. "325 மாநாடு நடந்த இடம் இதுதான்" என்ற அடுத்த ஃபார்வர்டு கிளம்பிவிட்டது, அதனால் சொல்லிவைக்கிறேன். மாநாடு அரண்மனை மண்டபத்தில் நடந்தது என்கிறார் யூசிபியஸ். அந்த அரண்மனை இன்னும் கிடைக்கவில்லை.

2025 நவம்பர் 28ஆம் தேதி, 1700ஆம் ஆண்டை முன்னிட்டு, போப் 14ஆம் லியோவும் கான்ஸ்டான்டினோபிள் மறைமுதுவர் பர்த்தலோமேயுவும் இந்த இடிபாட்டுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். படங்களைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: கற்கள் தண்ணீரில் இல்லை. 2014இல் முங்கிப் பார்க்க வேண்டியிருந்தது, இப்போது வெறுந்தரையில் நிற்கிறது. ஏரி பின்வாங்கிவிட்டது. மழை குறைவு ஒரு பக்கம், பாசனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுப்பது ஒரு பக்கம். அகழாய்வுக்காரர்களுக்கு வேலை சுலபம். ஆனால் பல நூற்றாண்டுகளாக அந்தச் சுவர்களைப் பாசியும் வண்டலும் மூடிக் காப்பாற்றிவந்தன. இனி வெயிலும், பனிக்கால உறைபனியும், மனிதக் கையும் படும்.

கரையோர டீக்கடையில், போன் மொழிபெயர்ப்பில் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் எழுந்து வெளியே வந்து, எங்கள் மேஜையிலிருந்து நாலு எட்டு தள்ளித் தரையைக் காலால் தட்டிக் காட்டினார். சின்ன வயசில் தண்ணீர் இங்கே இருந்ததாம். அவருக்கும் தோப்பு இருக்கிறது, சொட்டுநீர்ப் பாசனம். தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். ஏரியைக் கை காட்டினார்.